பிதாவை அம்மா என்று கூப்பிட்ட மருமகள்

தம்பானூர் ஸ்டாண்டில் களியக்காவிளை பஸ்ஸுக்காக நின்றபோது, எனக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் ஓர் அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கைதான் பொருமினாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு என் மருமொவ ஜெபிச்சா. 'அம்மா, எம்பிள்ளையத் தொடும்மா'ன்னு கடவுள விளிக்கா, அக்கா. ஜெபம் நடத்த வந்த சபை உபதேசியாரு நடுவுல கண்ணத் தொறந்துட்டாரு."

"காய்ச்சல் விட்டுதா?"

"விட்டுது. அதுக்காவ? இன்னைக்கு வீட்டுல ஸ்தோத்திர ஜெபம். அவ வாயத் தொறக்கப்பிடாதுன்னு சொல்லிட்டேன். காலையிலேருந்து அழுதுட்டு இருக்கா."

"பெத்தவ நன்றி சொல்லப்பிடாது. நல்ல சட்டம்."

"கடவுள் ஆம்பிளையில்லா? தாடிகூட உண்டு."

"நீ எங்க கண்டே?"

"நம்ம வீட்டுக் காலண்டர்ல."

"அச்சாபீஸ்காரன் வரஞ்ச தாடிய நீ தெனமும் சீப்பு வச்சு வாரிவிடு. காய்ச்சல்ல கெடந்த பிள்ளையச் சொகமாக்குனது அந்தத் தாடியா, இல்ல அன்பா, சொல்லுட்டி?"

அதே மாதிரிக் காலண்டருக்கு முன்னால் தினமும் முழங்கால் போடுகிற நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குள் பஸ் வந்தது. நெரிசலில் ஏறிய தங்கை முழங்காலைப் படியில் இடித்துக்கொண்டு, "எம்மா" என்று முனகினாள்.

பின்னாலேயே ஏறிய அக்காள் விடவில்லை. "ஏன், பிதாவேன்னு விளிச்சிருக்கலாமே."

கரமனைப் பாலம் தாண்டும்வரை தங்கை முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னைக்கு அவளும் ஜெபிக்கட்டு. ஆனா பையச் சொல்லட்டு. உபதேசியாருக்குக் கேக்கப்பிடாது."