ஒரு காது போதும்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடிக்கிறேன்.

தொப்பூரில் லாரி ஷெட் வைத்திருப்பவனுக்கு வேலைக்குக் குறைவே கிடையாது. கணவாய் இறங்கி வருகிற வண்டிகளில் பாதிக்கு ஏதாவது கோளாறு இருக்கும். ஆள்தான் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் ஒசூர் கம்பெனிக்கு ஓடிவிடுகிறான். சட்டையில் பெயர் தைத்துக் கொடுக்கிறார்களாம், பெரிய அதிசயம். 'மெக்கானிக் தேவை' என்று நான் மாட்டிய போர்டு இரண்டு வருஷமாக வெயிலில் காய்கிறது.

எனக்கென்று இருந்தவன் பூவரசன் ஒருத்தன். காரிமங்கலத்துக்காரன், முப்பத்திரண்டு வயசு, பெண்டாட்டி பெயர் சுகுணா, ஒரு கைக்குழந்தை. ஓடுகிற இன்ஜினில் கம்பியின் ஒரு நுனியை வைத்து, மறுநுனியைக் காதில் வைப்பான். எந்த பேரிங் போயிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். அந்தக் காதை நம்பிச் சேலத்திலிருந்துகூட வண்டி வரும். சத்தியமாகச் சொல்கிறேன், கூடப் பிறந்தவனைப் போல வைத்திருந்தேன்.

போன தை மாசம் வந்து நின்றான். "ஒசூர்ல வேல கெடச்சிருச்சுங்கண்ணா. திங்கக்கெழம மெடிக்கலுங்க" என்றான். காதையும் சோதிப்பார்களாம். சந்தோஷம், போய் வா என்றேன். வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைப்பானேன்.

சனிக்கிழமை அவன் வலது காதில் கம்பியை வைத்திருந்தபோது, இடது பக்கமிருந்து அவன் தலையைக் கம்பியை நோக்கித் தள்ளினேன். தரையில் ஆயில், என் கால் வழுக்கிவிட்டது என்றேன். ரத்தம் கழுத்து வரை இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். காது போனதும் கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. எனக்கு ஒரு காது போதும், வைத்துக்கொண்டேன். வேறு எந்த முதலாளி செய்வான், நீங்களே சொல்லுங்கள்.

ஆறு மாசம் நிம்மதியாகப் போனது. பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு ஷோரூம் அவனைக் கூப்பிட்டது. அங்கே கோளாறைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம், காதே வேண்டாமாம். "எனக்கு நீங்க செஞ்சத மறக்கவே மாட்டனுங்கண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நல்லவன் சார், அதில் சந்தேகமே இல்லை.

நேற்றுக் காலை, போவதற்கு முன்னால் ஒரே ஒரு வண்டி பார்த்துக் கொடு என்றேன். இடது காதில் கம்பியை வைத்துக் கண்ணை மூடினான். இந்தத் தடவை இரண்டு கையாலும் தள்ளினேன். நான் நினைத்ததைவிடக் கம்பி அதிகமாகவே உள்ளே போய்விட்டது. கால்கள் கொஞ்ச நேரம் உதறின. இன்ஜினை நான்தான் நிறுத்தினேன். மறுபடியும் வழுக்கியது என்று சொல்லியிருப்பேன், லாரி டிரைவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டான். ஆமாம் சார், நான்தான் கொன்றேன். கொல்ல நினைக்கவில்லை, இரண்டு காதும் போனவனை ஷோரூமும் எடுக்காது, அங்கே போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

சுகுணாவை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. கைக்குழந்தையோடு நிற்கிறவளுக்கு இந்தப் பக்கம் யார் வேலை கொடுப்பார்கள்? என் ஷெட்டிலேயே ஏதாவது போட்டுத் தருகிறேன் என்று உங்கள் ஏட்டிடம் சொல்லி அனுப்பினேன். பாவம், அவள் இன்னும் பதில் சொல்லி அனுப்பவில்லை.