கழுவாத இடுக்கி

ஆய்வுக் கட்டுரையில் என் பெயரையும் போடுங்கள் என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் எட்மண்டிடம் கேட்டேன். பெரிய விஷயமில்லை. ஆனால் அதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார்.

"பேரு கீருன்னு எதையும் கேட்டுறாதடி. அவரு சொல்லித்தான் ஒனக்கு இந்த வேலையே."

அம்மா இதே ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைப்பவர். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி.

விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்காகக் காதர் மைதீன் அண்ணன் காட்டில் பிடித்து வரும் வண்ணத்துப்பூச்சியின் சிறகு காகித உறைக்குப் போகும். உடல் ஸ்பிரிட் புட்டிக்கு. ஒவ்வொரு பூச்சிக்கும் நடுவே இடுக்கியைக் கழுவி, நெருப்பில் காட்ட வேண்டும். ஒன்றின் துணுக்கு இன்னொன்றின் புட்டியில் விழுந்தால் மரபணு கலந்துவிடும். பிறகு எது எதனுடையது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நான் தவறவில்லை.

பெயரைப் போடச் சொல்லிக் கேட்டது 1988 மார்ச்சில். டாக்டர் சிரித்தார்.

"இடுக்கி கழுவுனதுக்குப் பேப்பர்ல பேரா? அப்புறம் மாப் போடுற ஒங்கம்மா பேரையும் போடணும் லா."

அம்மா வாளியோடு அங்கேதான் நின்றார். அவரும் சிரித்தார்.

கழுவுவது ஒரு வேலையே இல்லை என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்தினேன். முதலில் புதுப் பூச்சிகளுக்கு மட்டும். பிறகு பழைய புட்டிகளையும் எடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் இருபது. திறந்து, அதே இடுக்கியால் கிளறி, மூடி, அடுத்தது. லேபிள் ஒன்றுகூட நனையவில்லை.

தெம்பனிஸ் காட்டில் பிடித்தவற்றின் புட்டிகளையும்தான். அந்தக் காடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அங்கே பிடித்தவை இனி எங்கேயும் கிடைக்காது. அதனால் அவற்றை இரண்டு முறை கிளறினேன்.

நாற்பது புட்டிகளை நான் தொடவில்லை. எவை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். எண்களைக் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

காதர் மைதீன் அண்ணன் பெயரும் எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை. பத்து வருடம் அட்டைக்கடி பட்டுப் பிடித்தவர். அவருக்காகவும்தான் இதைச் செய்தேன்.

இன்று காலையில் அவர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நம்ம தெம்பனிஸ் பூச்சி ஒரு நாலாச்சும் மிஞ்சும்ல?"

இப்போது வெளியே முன்வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் கிளம்புகிறேன். முன்வாசல் வேண்டாம். அந்தப் பின்கதவைத் திறந்துவிடுங்கள்.