கம்பி தெரிந்த ஈறு

"டாக்டரு அளந்து பாக்க ஒன் ஈறுக்குள்ள விட்ட கம்பி வெளிய நிழலாத் தெரிஞ்சுச்சு! வெங்காயத்தோலு மாதிரில்ல இருக்கு!"

நயினார்கோவில் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் மனைவியிடம் இப்படி வியந்துகொண்டிருந்தார். இருவரும் ராமநாதபுரத்தில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

"ஒங்க ஈறுல தெரியலயாக்கும்?"

"எனக்கு எங்கன தெரியும்? எருமத்தோலு. ரெண்டுமே நல்ல ஈறுதானாம். சிலருக்குத் தடியா, சிலருக்கு மெல்லிசா, பொறப்புலயே அமையுறதாம்."

"மெல்லிசு ஈற அழுத்தித் தேச்சா எறங்கிரும்னாரே, அது காதுல விழுந்துச்சா? பல்பொடி எரியுதுன்னு நாஞ் சொன்னப்பல்லாம், ஒனக்குத் தேய்க்கத் தெரியலன்னு ஏசுனீக."

 அவர் காலையில் வாங்கிய சிவப்புப் பல்பொடிப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்தார். பிரித்து, ஜன்னலுக்கு வெளியே கொட்டினார்.

"ஏன் கொட்டுறீக? ஒங்களுக்குத்தான் அது ஒண்ணுஞ் செய்யாதே!"

"ஒன்னய எரிச்ச பொடி எனக்கு எதுக்கு?"

பொடி முழுவதும் காற்றில் திரும்பிப் பின் ஜன்னல் வழியாக வந்து என் வெள்ளைச் சட்டையில் படிந்தது. ஊர் வரும்வரை நான் அதைத் தட்டவில்லை.