இடது கண்ணுக்குத் தண்ணீர்

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால், செருப்புப் போடும் முன் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள். கண்ணால் பார்க்காத எதையும் எனக்கு நம்பத் தெரியாது, மேடம். இந்த ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது வாய் வரவில்லை. எழுதித் தரலாம் என்றீர்கள். எழுதினால் எனக்கு வரிசையாக வரும்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் ஸ்டோரில் வேலை செய்கிறேன். மரம் சீவுகிறவர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலை அங்கேதான் நிறுப்போம். அப்படியே லாரியில் போக வேண்டிய பாலில், உறையாமல் இருக்க அமோனியா கலப்போம். மிச்சத்தைத் தட்டில் ஊற்றி ஆசிட் விட்டு உறைய வைப்போம். வெயிலில் ஆசிட் பீப்பாய்க்குள் காற்றுக் கட்டிக்கொள்ளும். அதனால் காலையில் முதல் வேலை, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைக் கொஞ்சம் தளர்த்துவது. உஸ்ஸென்று காற்றுப் போனதும் மறுபடி மூட வேண்டும். எங்களை மேற்பார்க்கும் மண்டோர் அமிர்தலிங்கம் அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். பயந்த பிள்ளைதான் கவனமாகச் செய்யும் என்பார். உண்மைதான். அந்த உஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

பீப்பாயைத் திறந்து ஊற்றுவது தேவன் அண்ணன். எங்களுக்குப் பக்கத்து வீடு. பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வில், வேதியியலில் நான் இரண்டு முறை தவறியிருந்தேன். லுக்குட்டில் மோட்டார் பட்டறைக்கு மேலே நடக்கும் மாலை வகுப்புக்கு அவர்தான் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். முடியும்வரை கீழே மீ விற்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பார்.

"என்னா புரபசர், இன்னிக்கு எத வெடிக்க வெச்சீங்க?"

"ஒன்னும் வெடிக்கலண்ணே. நடுநிலையாக்கல். ஆசிட்டும் அமோனியாவும் சேர்ந்தா ரெண்டோட காரமும் போயிரும். உப்பும் தண்ணியும்தான் மிச்சம்."

"அட, நம்ம ஸ்டோர்லதான் ரெண்டும் இருக்கே. இனிமே ஆசிட் பட்டா பயமில்லலா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. அடுத்த வகுப்பில் ஹேமநாதன் சாரிடம் கேட்டேன்.

"பீக்கர் வேற, கண்ணு வேற," என்றார். "அமோனியாவே கண்ணத் தின்னுரும். தண்ணி மட்டும்தான். நிறையத் தண்ணி, நிறுத்தாம ஊத்தணும்."

பின்னாலிருந்து ஒருவன், "சார், அவங்க ஸ்டோர்லயே டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டும் சார்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆசிட்டும் அமோனியாவும் சேர்ந்தபோது லிட்மஸ் தாள் நிறம் மாறியதை வகுப்பில் என் கண்ணால் பார்த்திருந்தேன். தண்ணீர் மட்டும்தான் என்று சார் இரண்டாவதாகச் சொன்னதை யாரும் எனக்குக் காட்டவில்லை. ஒன்று சரியென்றால் மற்றது எப்படிச் சரியாக இருக்கும்? தேர்வில் வந்தால் எதை எழுதுவது? மூன்றாவது முறையும் தவறினால், ஸ்டோரைத் தவிர எனக்கு வேறு இடமே இருக்காது.

சோதனை எப்படிச் செய்வது என்றும் சார் சொல்லிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு தடவை வந்தது விடை ஆகாது, திரும்பவும் அதே வர வேண்டும்.

அதன் பிறகு சில நாட்கள் மூடியைத் தளர்த்த மறந்துவிட்டேன்.

மண்டோரிடமும் அப்படித்தான் சொன்னேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிறவள் மறப்பாளா என்று நீங்கள் கேட்டீர்கள். மறக்க மாட்டாள். பீப்பாய் உப்பிக்கொண்டு வந்தது. மத்தியானத்தில் தானாகவே டொக்கென்று சத்தம் போடும். நான் மரத்தடிக்கு ஓடிவிடுவேன். யாராவது பார்த்துத் தளர்த்திவிட மாட்டார்களா என்றுகூட நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. அது என் வேலை அல்லவா.

இரண்டு வாளிகளை முன்பே கழுவி வைத்திருந்தேன். இடது பக்கம் தண்ணீர். வலது பக்கம், பாலில் கலக்கும் அமோனியா.

தேவன் அண்ணன் எப்போதும்போல் குனிந்து மூடியைத் திருகினார். ஆசிட் பீறிட்டு இரண்டு கண்ணிலும் பட்டது.

"ரோகினி! தண்ணி, தண்ணி!"

"இருங்கண்ணே, உக்காருங்க. தலைய நிமித்துங்க."

நான் சொன்னபடி செய்தார். இடது கண்ணுக்கு ஒரு குவளை, வலது கண்ணுக்கு ஒரு குவளை. மாற்றி மாற்றி ஊற்றினேன். ஒன்று மற்றதில் வழியாதபடி தலையைச் சாய்த்துப் பிடித்தேன்.

"என்னா ஊத்துற? இந்தப் பக்கம் ரொம்ப எரியுது!"

"ஆசிட்டுதாண்ணே எரியுது. கொஞ்சம் பொறுங்க."

"சரி, சரி. நீ படிச்சவ. ஊத்து."

எந்தப் பக்கமும் அளவு குறையவில்லை. மண்டோர் ஓடிவரும் வரை ஊற்றினேன்.

இடது கண் பிழைத்தது. வலது கண் வெள்ளையாகிவிட்டது. ரோகினி மட்டும் இல்லையென்றால் இரண்டும் போயிருக்கும் என்று தேவன் அண்ணன்தான் எல்லாரிடமும் சொன்னார். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வலது கண்ணில் அமோனியா என்று டாக்டர் எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். போன வாரம் தேவன் அண்ணனைப் பார்க்கப் போனேன். அந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவு பயம்.

சார் சொன்னது சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் வலது கண்ணில் ஆசிட்டே அதிகமாகப் பட்டிருக்கலாம். அதை நான் அளக்கவில்லை. இந்தச் சந்தேகம் சாப்பிடும்போதும் விடுவதில்லை. நான் கெட்டவள் இல்லை, மேடம். அவருக்கு ஒரு கண்ணை மிச்சம் வைத்தேன். எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தேவன் அண்ணன் இடத்துக்கு பிரெண்டன் என்று ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான். கெமாஸ் ஊர்க்காரன். நன்றாகச் சிரிப்பான். காலையில் நீங்கள் ஆள் அனுப்பியபோது நான் ஸ்டோரில்தான் இருந்தேன். மூடியைத் தளர்த்தினேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. இது பால் வந்து, அவன் பீப்பாயைத் திறக்கும் நேரம். அனுப்புவதானால் யாரையாவது சீக்கிரம் அனுப்புங்கள். வாளிகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன். இந்தத் தடவை தண்ணீர் வலது பக்கம் இருக்கிறது.