மாறி வந்த பட்டன்

இல்லம்மா, வெப்சைட்டோட முதல் பக்கத்துல பூவும் கொடியும் வேணாம். வெள்ளையா விடுங்க. நடுவுல ஒரே வரி. வேற கடையில வாங்கின பட்டன் மாறி வந்துடுச்சா, போட்டோ எடுத்து அனுப்புங்க, சரியானதை நாங்க தர்றோம். அவ்வளவுதான். மத்ததெல்லாம் உள்ள போய்ப் பாத்துக்கட்டும்.

சிரிக்காதீங்க. பட்டனைப் போய் யாரு ஆன்லைன்ல வாங்குவாங்கன்னுதானே? டெய்லருங்க வாங்குவாங்க. மறுநாள் சட்டையைக் குடுத்தாகணும்னு உட்கார்ந்திருக்கற ஆளுக்கு நாலு ஓட்டை பட்டன் கேட்ட இடத்துல ரெண்டு ஓட்டை வந்தா எப்படி இருக்கும், சொல்லுங்க? திட்டற திட்டு காது குடுத்துக் கேக்க முடியாது.

எங்கப்பா கடையில பத்தொன்பது வருஷம் நின்னவ நான். ஆயிரத்து இருநூறு டப்பா. ஒவ்வொரு டப்பா மூஞ்சியிலயும் உள்ள இருக்கற பட்டன்ல ஒண்ணை மாதிரிக்குத் தெச்சிருக்கும். நம்பர் கிடையாது, பேர் கிடையாது. நீங்க சட்டையை நீட்டினா ஏணியில ஏறி, கை போற டப்பாவை எடுப்பேன். மாதிரியைக்கூடப் பாக்க மாட்டேன். எங்கண்ணனா? அவரு எங்க எழுந்தாரு! அவரை நாற்காலியோட சேத்துத்தான் தெச்சிருந்தது.

அப்பா போனாரு, கடை அண்ணன் பேருக்குப் போச்சு. நான் ஒண்ணும் கேக்கல. கடைசியில அவருக்கும் ஆன்லைன் ஆசை வந்துச்சு. போட்டோ எடுக்க ஒரு ஆள் வந்தாரு. நான் டப்பாவை எறக்கி நம்பர் சீட்டு ஒட்டித் தரணும், டப்பா மூஞ்சியில இருக்கற பட்டனை அவரு படம் எடுப்பாரு. இருபது நாள் வேலை.

ரெண்டாம் நாள் நான் ஏணி மேல. கீழ எங்கண்ணன் போன்ல அண்ணிகிட்ட பேசறாரு. நம்பர் ஒட்டி முடிச்சுட்டா இவ எதுக்கு, மாசக் கடைசியோட அனுப்பிடலாம், நம்பர் படிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் போதும்னாரு.

எறங்கி வந்து, டீ வேணுமாண்ணான்னு கேட்டேன். சக்கரை கம்மியான்னாரு. போட்டுக் குடுத்தேன்.

சண்டை எதுக்கும்மா? இன்னும் பதினெட்டு நாள் வேலை பாக்கி இருந்துச்சே.

சரக்குக்குக் கவலைப்படாதீங்க. மொத்த வியாபாரிங்களுக்கு எங்கண்ணன் மூஞ்சி தெரியாது, என் குரல்தான் தெரியும். போன வாரமே வந்து இறங்கிடுச்சு. எங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில கால் நீட்ட இடமில்ல.

நம்ம வெப்சைட்டைத் தொறக்கறது வெள்ளிக்கிழமை. அதுக்கு முன்னாடி முடிஞ்சாலும் தொறக்காதீங்க. எங்கண்ணனோட ஆன்லைன் கடை அந்த வாரம் திங்கக்கிழமை தொறக்குது. பார்சல் போய்ச் சேர மூணு நாள், பிரிச்சுப் பாத்துத் திட்ட ஒரு நாள். கணக்குச் சரியாத்தானே இருக்கு?

எது, நான் குடுத்த நோட்டா? இந்தப் பக்கம் நம்ம நம்பர். ஆமா, அந்தப் பக்கம் எங்கண்ணன் கடை நம்பர். எல்லாத்துக்கும் இருக்காது, முந்நூத்தி நாப்பதுக்குத்தான். யாராவது போட்டோ அனுப்பினா, என்ன கேட்டாங்க, அங்கருந்து என்ன போச்சுன்னு அதைப் பாத்தே சொல்லிடலாம்.

எனக்கு எப்படி முன்கூட்டியே தெரியுமா?

மத்தியானம் சாப்பிட்டுட்டு எங்கண்ணன் நாற்காலியிலயே அரை மணி கண்ணசருவாரு. போட்டோக்காரர் வெளிய போயிடுவாரு. அந்த அரை மணியில பக்கத்துப் பக்கத்து டப்பாவா எறக்கி, மூஞ்சியில இருந்த பட்டனைப் பிரிச்சு மாத்தித் தெச்சேன். படத்துல ஒண்ணு, டப்பாவுக்குள்ள வேற ஒண்ணு. நம்பர் படிக்கறவங்க நம்பரைப் பாத்து அள்ளிப் போட்டுடுவாங்க, அவ்வளவுதானே? அதே நூல், அதே முடிச்சு.

எங்கண்ணனே சொன்னாரு, படமெல்லாம் பளிச்சுன்னு வந்திருக்காம்.