அரங்கம் நிறைந்திருந்தது

படத்தில் காலி நாற்காலி தெரிந்தால் அந்த விழா நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். இதைத்தான் இன்ஸ்பெக்டர் சார், வருடா வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்.

என் அப்பா சிங்காநல்லூர் மில் ஒன்றில் பஞ்சுப் பொதி சுமந்தவர். நான் ஆர்.எஸ்.புரம் பட்டுக்கடைகளுக்குத் திறப்பு விழா நடத்திக்கொண்டே படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, கல்லூரியில் நிகழ்ச்சி மேலாண்மைத் துறைத் தலைவரானேன். விளம்பரமும் என் பொறுப்புதான். படத்தில் அரங்கம் நிறைந்திருந்தால்தான் அடுத்த வருட அட்மிஷன் நிறையும். அதனால் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் கதவுகளைப் பூட்டிவிடுவோம். இல்லையென்றால் பிள்ளைகள் கேன்டீனுக்கு நழுவிவிடுவார்கள். பைகளையும் வெளியே வைக்கச் சொல்வேன். மடியில் பை இருந்தால் படம் கெட்டுப்போகும்.

அன்றும் பூட்டிய கதவருகே நின்ற என்னிடம் நஸ்ரியா வந்தாள். என் மாணவி.

“சார், மூச்சு உட முடியலீங்க. இன்ஹேலர் வெளிய பைக்குள்ள இருக்குதுங்க.”

“அவரு பேசி முடிக்கட்டும் கண்ணு. இப்ப முடிச்சுருவாரு.”

பின்வரிசையில் ஒருவன், “எனக்குந்தான் மூச்சு முட்டுதுங்க சார், ஒரு டீ குடிச்சா சரியாப் போயிரும்” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விருந்தினர் முடிக்கவில்லை. செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன கதையை ஆரம்பித்தார். நஸ்ரியா கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேமரா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். கைதட்டல் ஓய்ந்து கதவைத் திறந்தபோது அவளை எழுப்ப முடியவில்லை.

கல்லூரியின் அறிக்கையை நான்தான் எழுதினேன். மாணவி தன் நோயை மறைத்துவிட்டார், காவலாளி தம்பிதுரை யாரையும் கேட்காமல் பூட்டிவிட்டார் என்று. அவளுடைய அப்பா ஜபருல்லா, கோட்டைமேட்டில் தையல்கடைக்காரர், என் அறைக்கு வந்து நின்றார்.

“ஏனுங்க சார், எம்புள்ள கடைசியா ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?”

“இல்லீங்க பாய். நல்லாச் சிரிச்சுட்டுத்தான் இருந்துச்சுங்க.”

அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

தம்பிதுரையை லாக்கப்பிலிருந்து விட்டுவிடுங்கள். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அலுத்துவிட்டது சார். இன்னொரு அறிக்கை எழுத என்னால் ஆகாது.

நஸ்ரியா நடிக்கிறாள் என்று நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். அப்படி நினைக்கவில்லை. பஞ்சுத்தூசி தின்ற என் அப்பாவின் நெஞ்சும் அப்படித்தான் இழுக்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவன் நான். தெரிந்தேதான் திறக்காமல் இருந்தேன்.

ஒன்றே ஒன்று. தம்பிதுரை வெளியே வரும்போது ஸ்டேஷன் வாசல் வெறிச்சென்று இருக்கக் கூடாது. எப்போது விடுவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் சார், ரெண்டு பஸ் நிறையப் பிள்ளைகளை வரச் சொல்கிறேன்.