ஒன்றரை ஸ்பூன் காரம்

இருந்தவர்கள் மூவர். சமையலறையில் அடுப்புக்கு முன்னால் தம்பி நின்றிருந்தான். ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவன், இந்த வீட்டை விட்டுத் தனி அறைக்குப் போய் ஓராண்டு ஆகிறது. சமையலறை வாசற்படியில், மடியில் இறால் தட்டோடு, அண்ணி. வீட்டிலேயே தையல் வேலை. கூடத்தில், சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்ட நாற்காலியில், அண்ணன். பழுதான மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். சகோதரர்கள் இருவருக்கும் அந்த ஓராண்டாகப் பேச்சில்லை. நடுவிலிருந்த கதவு மட்டும் திறந்தே இருந்தது.

அண்ணன்: அவன்கிட்ட சொல்லு, எண்ணெய் காயறதுக்குள்ள வெங்காயத்தைக் கொட்ட வேணாம்னு.

அண்ணி: தம்பி, எண்ணெய் காயட்டுமாம்.

தம்பி: காது கேக்குது அண்ணி. பத்தடிகூட இல்ல.

அண்ணி: கேக்கும்னு எனக்கும் தெரியும். ஒரு வருஷம் கழிச்சு இந்த வீட்ல எனக்குத் தபால்காரி உத்தியோகம் கெடைச்சிருக்கு, கெடுக்காத.

அண்ணன்: கேளு... மெஸ்ல சாப்பிடறவனுக்குத் திடீர்னு எதுக்கு இறால் குழம்பு?

தம்பி: மெஸ் சாப்பாடு அலுத்துப்போச்சுன்னு சொல்லுங்க.

அண்ணி: அலுத்துப்போச்சாம்.

அண்ணன்: அலுத்துப்போனவன் ஒரு முட்டையைப் பொரிச்சுத் தின்பான். அரைக்கிலோ இறாலைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர மாட்டான்.

அண்ணி: தம்பி, முட்டை...

தம்பி: கேட்டுச்சு அண்ணி!

அண்ணி: சரி சரி, வெங்காயத்தைப் போடு. ஆமா, சட்டைப் பையில என்ன அது? குனியறப்பல்லாம் எட்டிப் பார்க்குது.

தம்பி: ஒண்ணுமில்ல... ஒரு கவர். மெதுவாப் பேசுங்க.

அண்ணி: நான் மெதுவாத்தான் பேசறேன். உங்க அண்ணன் காதுதான் பெருசு. என்ன கவர்?

தம்பி: கடுதாசி. அவங்கப்பா கேட்டது.

அண்ணி: எவங்கப்பா... அந்த டீச்சர் பொண்ணோட அப்பாவா? அது முறிஞ்சுபோச்சே!

தம்பி: தானா முறியல. சாப்பிட வந்த மனுஷனுக்கு நெருப்பு மாதிரி ஒரு குழம்பை ஊத்தி, அவர் இருமி இருமிக் கண்ணு செவந்து உக்காந்திருக்கும்போது, 'இந்தக் காரம் தாங்கலைன்னா எங்க வீட்ல எப்படிச் சம்பந்தம் பண்ணுவீங்க'ன்னு சிரிச்சாரே, அதுல முறிஞ்சுது.

அண்ணன்: விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு.

அண்ணி: விளையாட்டுக்காம்.

தம்பி: அவங்க விளையாட்டுக்கு எந்திரிச்சுப் போகலைன்னு சொல்லுங்க.

அண்ணி: இதை நான் சொல்ல மாட்டேன்... வெங்காயம் கருகுது பாரு, தக்காளியைப் போடு. அப்புறம்?

தம்பி: ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அவரே போன் பண்ணினார். பொண்ணு வேற இடம் வேணாங்குதாம். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பேசி முடிச்சுக்கலாம்னார். ஆனா ஒரு கண்டிஷன்.

அண்ணி: நகையா?

தம்பி: அய்யோ, நகையெல்லாம் அவர் நமக்குப் போட்டாலும் வாங்க மாட்டேன். வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டு, 'சாப்பிட வாங்க'ன்னு ஒரு கடுதாசி வரணுமாம். இல்லைன்னா வர மாட்டாராம்.

அண்ணி: இந்தக் காலத்துல கடுதாசியா?

தம்பி: ஹெட்மாஸ்டரா இருந்தவர். போன்ல கூப்பிட்டா அது அழைப்பே இல்லைங்கறார்.

அண்ணி: ஓகோ... அப்போ குழம்பு சாக்கு. கையெழுத்துதான் சங்கதி.

தம்பி: குழம்பும் வேணும். அவங்க வர்ற அன்னிக்கு நான்தானே சமைக்கணும்... அண்ணி, நீங்களே வாங்கிக் குடுத்துடுங்களேன்.

அண்ணி: உப்பு புளின்னா எத்தனை தடவை வேணாலும் சொல்றேன். இதை நீ கேளு.

அண்ணன்: என்ன அங்க குசுகுசுன்னு? தக்காளி கரைஞ்சுதான்னு கேளு. கரைஞ்சா மல்லித்தூளு, மஞ்சளு, மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன்.

தம்பி: ஒன்றரையா? மூணு போட்டுட்டு, பத்தாதுன்னு இன்னொண்ணும் போடற ஆளாச்சே! கேளுங்க அண்ணி.

அண்ணன்: வயித்துல புண்ணுன்னு சொல்லு.

அண்ணி: வயித்துப் புண்ணாம். நேத்து ராத்திரி மொளகா ஊறுகாய் பாட்டிலை வழிச்சு நக்கினாரு.

அண்ணன்: அதையெல்லாம் சொல்லச் சொன்னேனா? புளியை அளவா ஊத்தச் சொல்லு. கடைசில தேங்காய்ப்பால் வேற இருக்கு.

தம்பி: நம்ம வீட்டுக் குழம்புல தேங்காய்ப்பாலா? எப்ப இருந்து?

அண்ணன்: தொண்டைக்கு இதமா இருக்கும்.

தம்பி: யார் தொண்டைக்கு?

அண்ணன்: ...புளி வாசனை போயிடுச்சுன்னா இறாலைப் போடச் சொல்லு. முதுகு நரம்பை எடுத்தாச்சா?

அண்ணி: எனக்கேவா? எடுத்தாச்சு. இந்தா தம்பி, தட்டு.

தம்பி: அண்ணி... அவர்கிட்ட...

அண்ணி: எனக்கு ஊசியில நூல் கோக்கணும். தபாலாபீஸ் மூடியாச்சு.

தம்பி: அண்ணி, விளையாடாதீங்க.

அண்ணி: இந்த ஊசிக் காது எங்கதான் இருக்கோ.

தம்பி: ...அண்ணே. அண்ணே, எனக்கு ஒரு கையெழுத்து வேணும்.

அண்ணன்: தீயைக் குறைடா. இறால் சுருண்டிருக்கும், இனிமே விட்டா ரப்பர்.

தம்பி: குறைச்சுட்டேன்.

அண்ணன்: தேங்காய்ப்பாலை ஊத்து. கொதிக்க விடாத, திரிஞ்சுடும். நுரை கட்டினதும் இறக்கு... இறக்கினியா? கொண்டா அந்தக் கடுதாசியை.

அண்ணி: நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் படிங்க. சுவத்துப் பக்கம் என்ன வெளிச்சம் இருக்கு?

அண்ணன்: 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு'... ம். 'வரும் ஞாயிறு மதியம் தாங்கள் குடும்பத்துடன் என் தம்பியின் அறைக்கு'... அறையா? ஒரு பாயை விரிச்சா உன் அறைக் கதவு திறக்குமா? அடிச்சுட்டு, 'எங்கள் இல்லத்துக்கு'ன்னு எழுது.

தம்பி: இங்கயா?

அண்ணன்: இதைத் தவிர நமக்கு வேற எத்தனை இல்லம் இருக்கு? பேனாவைக் குடு... ம், போட்டாச்சு. ஒட்டு.

தம்பி: பசை இருக்கா அண்ணி?

அண்ணி: ரெண்டு சோத்துப் பருக்கையை எடுத்துத் தேயி. கையைத் துடைச்சுக்கோ, கவர்ல குழம்பு ஈஷுது.

அண்ணன்: ஈஷட்டும். வாசனை பிடிச்சுக்கிட்டே பிரிக்கட்டும்.

தம்பி: ஒட்டிட்டேன். விலாசம்... போன மாசம்தான் அவங்க வீடு மாறினாங்க. போன்ல இருக்கு, இருங்க பார்த்து எழுதறேன்.

அண்ணன்: வேணாம். நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன். தூக்குல கொஞ்சம் குழம்பு ஊத்து.

தம்பி: உங்களுக்குப் புது வீடு தெரியாதேண்ணே.

அண்ணன்: தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி சந்து, ரெண்டாவது மாடி, பச்சைக் கதவு. மணி வேலை செய்யாது, தட்டணும்.

தம்பி: ...அண்ணே?

அண்ணி: தூக்கை நேராப் பிடி, சிந்துது. ஞாயித்துக்கிழமை வந்தா இறால் உரிச்சு உரிச்சு என் விரல் நுனியெல்லாம் புண்ணு. ஒவ்வொரு தடவையும் உங்க அண்ணன் காரத்தைக் குறைச்சு அவங்க வீட்டுக்குக் கொண்டுபோனாரு. ஒன்றரை ஸ்பூனுக்கு வந்தப்புறம்தான் அந்த மனுஷன் இருமாம சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னாராம்.

தம்பி: அப்போ... அவர் எனக்குப் போன் பண்ணினதே... அட, ரெண்டு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை விடலையே! அண்ணன் கையெழுத்து இல்லாம வாசப்படி மிதிக்க மாட்டேன்னு அவ்வளவு கறாரா நின்னாரே!

அண்ணன்: அப்படி நிக்கச் சொன்னதே நான்தான்டா. இல்லைன்னா நீ இந்த வாசப்படி மிதிச்சிருப்பியா? கவரைக் குடு... தள்ளு, செருப்பு போடணும்.